கணக்கில் வராதவர்கள் எடுத்த கணக்கு

விழா மலருக்கென்று ஒரு வரிசை உண்டு. அமைச்சரின் வாழ்த்து, ஆணையரின் வாழ்த்து, பொன்னாடை போர்த்திய தலைவரின் முழுப்பக்கப் படம், நிர்வாகிகள் பட்டியல், அதற்குப் பின்னால் 'சங்கம் கடந்து வந்த பாதை'. 1974-இல் பம்பாயில் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை அந்த வரிசையில் அடைக்கப் பார்த்தால் முக்கால்வாசி வெளியே நின்றுவிடும். இதன் வரலாறு தீர்மானப் புத்தகங்களில் இல்லை. நடைபாதையில் தொங்கிய சேமிப்புப் பைகளிலும், கதவுகளில் எழுதிய எண்களிலும், தண்டவாளத்தோரம் போட்ட வரைபடங்களிலும் கிடக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரை ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு போகிறது. தங்களை யாரும் எண்ணாத ஒரு நகரத்தில் ஏழைகள் தாங்களே உட்கார்ந்து எடுத்த கணக்குகள்தான் அந்த நூல்.

ஜனதா காலனி

கூட்டமைப்பைத் தொடங்கிய ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். தச்சு வேலை தெரியும். பெரிய படிப்பு கிடையாது. 1963-இல் பிழைப்புத் தேடிப் பம்பாய் வந்து, மான்கூர்த் பக்கம் இருந்த ஜனதா காலனியில் ஒதுங்கினார். தலைக்குமேல் கூரை என்று ஒன்று அமைவதற்கு முன் நெடுநாள் வெட்டவெளியில் படுத்தவர்.

அந்தக் காலனி இரவோடு இரவாக முளைத்ததல்ல. நகரின் நடுப்பகுதியிலிருந்து ஏழைகளை அப்புறப்படுத்தியபோது மாநகராட்சியே கொண்டுவந்து குடிவைத்த இடம். கொண்டுவந்து இறக்கியதோடு தன் கடமை முடிந்தது என்று மாநகராட்சி நினைத்துக்கொண்டது. தண்ணீர்க் குழாய், கக்கூஸ், குப்பை வண்டி எதுவும் ஒழுங்காக வரவில்லை. ஆட்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள். 1970-களில் ஏறத்தாழ 70,000 பேர் அங்கே இருந்தார்கள் என்பது கணக்கு.

அற்புதம் முதலில் கூட்டியது பெரியவர்களை அல்ல, பிள்ளைகளை. பாட்டு, விளையாட்டு, கொஞ்சம் எழுத்து என்று தொடங்கிய கூட்டம் அது. குப்பை அள்ள யாரும் வராத ஒரு சமயத்தில் அந்தப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்கு ஒரு கிலோ குப்பை. அதைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். வரிசையாக நடந்து மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய் வாசலில் வைத்துவிட வேண்டும். பெரும் பிள்ளைக்கூட்டம் சுற்றுலா போகிற உற்சாகத்தோடு போய் வைத்துவிட்டு வந்தது. அதுவரை கண்ணில் படாத அதிகாரிகள் அதன்பிறகு காலனிக்கு வந்தார்கள், வண்டியும் வந்தது.

இந்தக் கதையைக் குறும்பு என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. 'குப்பை மிகுதியாக உள்ளது, ஆவன செய்க' என்று மனு எழுதியிருந்தால் அது கோப்பில் உறங்கியிருக்கும். மிகுதி என்றால் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? ஆளுக்கு ஒரு கிலோ என்று வாசலில் குவித்தபோது, 'எவ்வளவு' என்பதற்குப் பதில் நாற்றத்தோடு கிடந்தது. கூட்டமைப்பு பிற்காலத்தில் செய்த எல்லாவற்றுக்கும் இதுதான் முதல் பாடம். குறையைச் சொல்லாதே, அளந்து காட்டு.

காலனிக்குப் பக்கத்து நிலம் பாபா அணு ஆராய்ச்சி மையத்துடையது. அங்கே வேலை செய்பவர்களின் குடியிருப்பு வளர வளர, ஜனதா காலனியின் நிலமும் தேவைப்பட்டது. 1960-களின் இறுதியிலிருந்து காலி செய்யச் சொல்லி நெருக்கடி. மக்கள் நீதிமன்றம் போனார்கள், ஊர்வலம் போனார்கள், டெல்லிக்குப் போய் உட்கார்ந்தார்கள். அற்புதம் பலமுறை கைதானார். பல குடிசைப் பகுதிகள் சேர்ந்தால்தான் குரல் கேட்கும் என்ற எண்ணம் வலுத்து, 1974-இல் தேசியக் கூட்டமைப்பு பிறந்தது இந்தப் போராட்டத்தின் நடுவில்தான். அடுத்த ஆண்டே நெருக்கடி நிலை. 1976 மே மாதம் போலீஸ் காவலோடு காலனி தரைமட்டமாக்கப்பட்டது. மக்கள் திராம்பேயில் சீட்டா கேம்ப் என்ற இடத்துக்கு மாற்றப்பட்டார்கள். இன்றும் சீட்டா கேம்ப் சந்துகளில் தமிழ் கேட்கும்.

ஆக, ஒரு பெரும் தோல்வியோடு தொடங்கிய சங்கம் இது. மலர்களில் இதைப் பொதுவாக ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். தாண்டக் கூடாது. பத்தாண்டுப் போராட்டம், வழக்கு, கைது எல்லாம் இருந்தும் வீடு நிற்கவில்லை. எதிர்த்து நிற்பது மட்டும் போதாது, கையில் வேறு ஏதோ வேண்டும் என்று அற்புதத்தை யோசிக்கவைத்தது அந்த இடிபாடுதான்.

நடைபாதையில் ஒரு மழைக்காலம்

1981 ஜூலை. பம்பாயில் மழை கொட்டுகிற மாதம். நடைபாதையில் குடியிருப்பவர்களை எல்லாம் அவரவர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்போவதாக அன்றைய முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே அறிவித்தார். லாரிகளும் பஸ்களும் வந்தன. பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும் மக்கள் உரிமை அமைப்பினரும் பாதிக்கப்பட்டவர்களும் நீதிமன்றம் போனார்கள்.

அந்த வழக்கின் மனுதாரர்களில் ஒருவர் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி. மழை பொய்த்து வேலை இல்லாமல் போய், 1961-இல் பம்பாய்க்கு வந்தவர். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் கூலி. மேற்கு விரைவுச் சாலையோரம் பிளாஸ்டிக்கும் தார்பாயும் போர்த்திய ஒரு மறைப்புக்குள் மனைவி, மூன்று பெண் குழந்தைகளோடு இருந்தார். அந்த மறைப்புக்கே ஒரு தாதாவுக்கு 2,500 ரூபாய் அழுதிருந்தார். ஜூலை 23-ஆம் தேதி அதைப் பிய்த்தெறிந்து, குடும்பத்தைச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் ஊரில் தங்கிவிட்டார்கள். அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையிலேயே குடியேறினார். தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கும் விவரம் இது. ஊருக்கு அனுப்பினால் பிரச்சினை தீரும் என்று நம்பியவர்களுக்கு இந்த ஒரு குடும்பமே பதில்.

1985 ஜூலை 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று ஏற்றுக்கொண்டது. சட்டப் புத்தகங்கள் கொண்டாடுகிற பகுதி அது. அதே தீர்ப்பு, அக்டோபர் 31-க்குப் பிறகு நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம் என்றும் சொன்னது. நடைபாதையில் இருந்தவர்களுக்கு இந்த இரண்டாவது பகுதிதான் காதில் விழுந்தது. அவர்கள் கையில் நான்கு மாதம்கூட இல்லை.

கராஜில் ஒரு அலுவலகம்

பம்பாயின் பைகுல்லாவுக்குப் பக்கத்தில் நாக்பாடா என்ற இடம். அமெரிக்கப் பாதிரியார் கிளிஃபோர்டு மேன்ஷார்ட் 1926-இல் அங்கே ஓர் அக்கம்பக்க சேவை இல்லம் தொடங்கினார். 1936-இல் சமூகப்பணிக்கான இந்தியாவின் முதல் கல்லூரி அந்த இல்லத்தில்தான் பிறந்தது. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதன் வளர்ச்சி. அந்த இல்லத்தில் வேலை பார்த்த ஷீலா படேல், அவ்விதச் சேவை நடைபாதைப் பெண்களைத் தொடவில்லை என்ற குறையோடு வெளியே வந்தார். வேறு சிலரோடு சேர்ந்து 1984-இல் ஸ்பார்க் என்ற அமைப்பைத் தொடங்கினார். அலுவலகம், பைகுல்லா நகராட்சி மருந்தகத்தை ஒட்டிய ஒரு கார் கராஜ். பெண்கள் பிள்ளைகளோடு உள்ளே வந்து உட்கார்ந்து பேசலாம். யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள்.

தீர்ப்பு வந்ததும் அந்தப் பெண்கள் கேட்டது எளிய கேள்வி: இப்போது நாங்கள் என்ன செய்வது? யாரிடமும் பதில் இல்லை. நடைபாதையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே யாருக்கும் தெரியாதபோது பதில் எங்கிருந்து வரும்? 1976-இல் மகாராஷ்டிர அரசு குடிசைகளைக் கணக்கெடுத்துப் போட்டோ பாஸ் என்ற அடையாள அட்டை கொடுத்தது உண்டு. நடைபாதைவாசிகள் அதற்கும் வெளியே. குடிசைவாசி என்ற பட்டம்கூட அவர்களுக்குக் கிட்டவில்லை.

ஆகவே எண்ண ஆரம்பித்தார்கள். தெருத்தெருவாக, மறைப்பு மறைப்பாக. எந்த ஊர், எந்த மாவட்டம், வந்து எத்தனை வருடம், என்ன வேலை, என்ன கூலி, இதுவரை எத்தனை தடவை இடித்தார்கள், இடித்தபோது என்னென்ன பொருள் போயிற்று. ஏறத்தாழ 6,000 குடும்பங்கள், 27,000 பேர். 'கண்ணுக்குத் தெரியாத நாங்கள்' என்று பொருள்படும் தலைப்பில் அந்த ஆண்டே அறிக்கை வெளிவந்தது.

அதுவரை ஊரில் உலவிய நம்பிக்கைகள் பல அதில் அடிபட்டுப் போயின. நடைபாதையில் இருப்பவர்கள் நேற்று வந்து நாளை போகிறவர்கள் என்றார்கள். பலர் பத்து இருபது ஆண்டுகளாக அதே இடத்தில் இருந்தார்கள். பிச்சைக்காரர்கள் என்றார்கள், அந்த நகரத்தில் மூட்டை தூக்குவதும் வீட்டு வேலை செய்வதும் கையுந்துவண்டி தள்ளுவதும் இவர்கள்தான். வேலைக்கு நடந்தே போகலாம் என்பதால்தான் நடைபாதை. தூரத்தில் ஒரு குடிசை கிடைத்தாலும் ரயில் சார்ஜ் கட்டுப்படியாகாது. நாட்டின் மிக வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் அதிகம் என்பதும் தெரிந்தது. நவம்பர் வந்தது. பயந்த அளவுக்கு இடிப்பு நடக்கவில்லை. அதற்கு அறிக்கை மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணிக்கை தெரிந்த கூட்டத்தை லாரியில் அள்ளுவது, தெரியாத கூட்டத்தை அள்ளுவதுபோல் அவ்வளவு சுலபமில்லை.

இந்தச் சமயத்தில்தான் அற்புதத்தின் கூட்டமைப்பும் ஸ்பார்க்கும் கைகோத்தன. அதுவரை கூட்டமைப்பு என்றால் ஆண்கள். மைக், ஊர்வலம், தர்ணா. 1986-இல் பைகுல்லா நடைபாதைப் பெண்கள் 'மஹிளா மிலன்' என்று தங்களுக்கொரு சங்கம் வைத்துக்கொண்டபோது, கூட்டமைப்பின் குணமே மாறியது. பேச்சு குறைந்து கணக்கு கூடியது என்று சொல்லலாம்.

வண்ணத் தாள்

மஹிளா மிலனின் முதல் வேலை சேமிப்பு. வங்கி இவர்களுக்குக் கணக்கு திறக்காது, விலாசம் இல்லை. கையில் இருக்கும் காசை மறைப்புக்குள் வைத்தால் திருட்டு, புருஷன், மழை என்று மூன்று பகை. தெருவுக்கு ஒருத்தி பொறுப்பேற்றுக்கொண்டு தினமும் வீடுவீடாகப் போய்க் காசு வாங்கினாள். ஒரு ரூபாயானாலும் சரி, இரண்டு ரூபாயானாலும் சரி. இன்றைக்கு இல்லை என்றால் நாளைக்கு.

பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாஸ்புக் கொடுத்தால் அதை யார் படிப்பது? அதற்கு அவர்களே ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பை. ஒரு ரூபாய்க்கு ஒரு நிறம், இரண்டு ரூபாய்க்கு வேறு நிறம், ஐந்துக்கு இன்னொன்று, பத்துக்கு இன்னொன்று என்று சதுரமாக வெட்டிய தாள்கள். காசு கொடுத்தால் அந்த நிறத் தாள் பையில் விழும். கடன் வாங்கினால் தாள் வெளியே போகும். எவளும் தன் பையைப் பிரித்துப் பார்த்துத் தன் கணக்கைத் தானே சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரியும் பார்க்கலாம். ஒளிவுமறைவு இல்லாத கணக்கு. வங்கிகளுக்கு இந்தப் பை ஒரு வேடிக்கை. பெண்களுக்கோ தங்கள் கணக்கைத் தாங்களே வைத்துக்கொண்ட முதல் அனுபவம்.

கடன் எதற்கு? பிள்ளைக்குக் காய்ச்சல், மாதக் கடைசியில் ரேஷன், ஊரில் சாவு, ரயில் டிக்கெட். பெரிய தொகைகள் அல்ல. ஆனால் அந்தச் சின்னத் தொகைக்காகத்தான் பெண்கள் வட்டிக்காரனின் வாசலில் நின்றார்கள். கடன் கொடுப்பதா என்று முடிவு செய்கிறவள் அதே தெருவில் இருக்கிறாள். யார் வீட்டில் உண்மையிலேயே அடுப்பு எரியவில்லை, யார் கதை கட்டுகிறாள் என்பது அவளுக்குத் தெரியும். எந்த வங்கி மேலாளருக்கும் கிடைக்காத தகவல் இது. தினமும் வாசலுக்குப் போவதில் காசைவிட முக்கியமான ஒரு லாபமும் இருந்தது. யார் வீட்டில் என்ன நடக்கிறது என்ற சேதி நாள் தவறாமல் சங்கத்துக்கு வந்துகொண்டிருந்தது.

இதே பெண்கள் ரேஷன் கார்டுக்கு மல்லுக்கட்டினார்கள். விலாசம் இல்லாதவர்களுக்குக் கார்டு கிடையாது என்றது ரேஷன் அலுவலகம். எண்ணிக்கை எடுத்து, தெருவுக்கும் மறைப்புக்கும் எண் கொடுத்து வைத்திருந்தவர்கள், இதோ எங்கள் விலாசம் என்றார்கள். நடைபாதைக்குக் கார்டு வந்தது. மண்ணெண்ணெயும் அரிசியும் நியாய விலைக்குக் கிடைத்தன. அதைவிடப் பெரிய விஷயம், இருப்பதற்கு அரசாங்கச் சான்று ஒன்று கையில் வந்தது. பிற்காலத்தில் வீடு ஒதுக்கும்போது, எந்த ஆண்டு முதல் இங்கே இருக்கிறாய் என்று கேட்டார்கள். சான்று வைத்திருந்தவர்கள் எடுத்து நீட்டினார்கள்.

துணியில் கட்டிய வீடு

ஒருநாள் வீடு வரும் என்றால் அந்த வீடு எப்படி இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை ஏழைப் பெண்களிடம் கேட்பவர்கள் அரிது. வரைபடம் வரைகிறவர் ஒருவர், கட்டுகிறவர் ஒருவர், சாவியை வாங்கிக்கொள்ள மட்டும் இவர்கள். மஹிளா மிலன் பெண்கள் 1980-களின் பிற்பகுதியில் வீட்டுக் கண்காட்சி என்று ஒன்று நடத்தினார்கள். மரச்சட்டம் நட்டு, துணியால் சுவர் கட்டி, முழு அளவிலேயே மாதிரி வீடு. பார்க்க வந்த நூற்றுக்கணக்கான பெண்கள் உள்ளே நுழைந்து நடந்து பார்த்தார்கள். அடுப்பு இந்த மூலையில் வைத்தால் புகை எங்கே போகும்? மாமியார் எங்கே படுப்பாள்? குளிக்கிற இடத்துக்கு மறைப்பு வேண்டாமா?

ஓர் அறைதான் கிடைக்கும் என்பது தெரியும். அப்படியானால் உயரத்தைக் கூட்டு என்றார்கள். 14 அடி உயரம் இருந்தால் நடுவில் பரண் போடலாம். பரண்மேல் பிள்ளைகள் படுக்கும், படிக்கும். குடிசையில் இருந்து பழகியவர்களுக்குத்தான் இந்த யோசனை வரும். பின்னாளில் அவர்கள் கட்டிய வீடுகளில் அந்தப் பரண் இடம்பெற்றது.

தண்டவாளம்

மும்பையின் ரயில் பாதையோரக் குடிசைகள் சில இடங்களில் தண்டவாளத்துக்குக் கைநீட்டும் தூரத்தில் இருந்தன. ரயில்கள் வேகத்தைக் குறைத்து ஊர்ந்தாக வேண்டும்; அப்படியும் விபத்துகள். ரயில்வேக்கு நிலம் வேண்டும், மக்களுக்கு உயிர்ப் பயம். இரண்டு தரப்புக்கும் மாற்றம் தேவைப்பட்ட அபூர்வமான இடம். 1988-இல் மாநில அரசின் வேண்டுகோளின் பேரில் கூட்டமைப்பே இறங்கி எண்ணியது: பாதையோரம் சுமார் 18,000 குடும்பங்கள். அடுத்த ஆண்டு மான்கூர்த் அருகே பாரத் நகரிலிருந்து 181 குடும்பங்கள், போலீஸ் தடி ஓங்காமல், தாங்களே வேறு இடத்தில் வீடு கட்டிக்கொண்டு நகர்ந்தன. சின்ன எண்ணிக்கைதான். ஆனால் முடியும் என்று காட்டிய எண்ணிக்கை.

பெரிய அளவில் அது நடந்தது 2000-ஐ ஒட்டி. உலக வங்கிக் கடனோடு ரயில் பாதைகளையும் சாலைகளையும் விரிவாக்கும் திட்டம் வந்தபோது, ஏறத்தாழ ஐம்பது ஐம்பது குடும்பமாகக் குழு பிரித்து, பட்டியல் போட்டு, யார் வீடு யாருக்குப் பக்கத்தில் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். நடுவில் 2000 பிப்ரவரியில் ரயில்வே தன்னிச்சையாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடிசைகளை இடித்தது. பல வருடப் பேச்சுவார்த்தை ஒரே நாளில் கவிழ்ந்துவிடும் போலிருந்தது. கூட்டமைப்பு தண்டவாளத்தில் இறங்கி ரயிலை மறித்தது; இடிப்பு நின்றது. இரண்டு மூன்று ஆண்டுகளில் மொத்தம் சுமார் 60,000 பேர் பலவந்தமின்றி இடம் மாறினார்கள். உலகெங்கும் இதை எடுத்துக்காட்டாகப் பேசினார்கள்.

பேசியதில் நியாயம் உண்டு. பேசாமல் விட்டதும் உண்டு. மான்கூர்த், கோவண்டி பக்கம் நெருக்கமாக எழுப்பப்பட்ட மறுகுடியமர்வு அடுக்குமாடிகளில் காற்றும் வெளிச்சமும் போதாமல், கீழ்த்தளங்களில் காசநோய் அதிகம் என்று 2018-இல் மருத்துவர்களின் ஆய்வு சொன்னது. வேலை இருந்த இடத்திலிருந்து தூரமாகப் போனவர்களில் வீட்டு வேலை செய்த பெண்கள்தான் முதலில் அடிபட்டார்கள். அதே விரிவாக்கத் திட்டத்தில் சாலைக்காக இடம் இழந்த கடைக்காரர்கள் முறையிட்டு, உலக வங்கியின் ஆய்வுக் குழு விசாரித்தது. 2006-இல் வங்கி சில மாதம் பணத்தையே நிறுத்தி வைத்தது. அரசோடு உட்கார்ந்து பட்டியல் போடுகிற சங்கம், அரசுக்காக ஆள் அகற்றுகிற சங்கமாகிவிடாதா என்று விமர்சகர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். என் கருத்தில் அதற்கு ஒரே பதில் கிடையாது. பட்டியல் யார் கையில் இருக்கிறது, பெயர் விடுபட்டவர் யாரிடம் போய்க் கத்தலாம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு இடத்திலும் பதில் மாறும்.

கக்கூஸ் விழா

கட்டுரையை மலர்க்குழுவுக்கு அனுப்பும்போது இந்தத் தலைப்பு தாண்டுமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனால் கூட்டமைப்பினரே தாங்கள் கட்டிய பொதுக் கழிப்பறைகளை, கக்கூஸ் விழா என்று பொருள்படும் 'சண்டாஸ் மேளா' என்று பெயர் வைத்து, ரிப்பன் கட்டித் திறந்தார்கள். நாம் என்ன கூச்சப்படுவது? நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரு கக்கூஸ், அதற்கும் கதவு இல்லை, தண்ணீர் இல்லை என்பதுதான் குடிசைப் பகுதிகளின் நிலை. பெண்கள் விடிவதற்கு முன் போய்விட்டு இருட்டும்வரை அடக்கிக்கொள்வார்கள். 1999-இல் புனே மாநகர ஆணையர் ரத்னாகர் கெய்க்வாட், பொதுக் கழிப்பறைகளைக் கட்டும் வேலையைக் காண்டிராக்டர்களுக்கு மட்டும் விடாமல் தொண்டு அமைப்புகளுக்கும் கொடுத்தார். இரண்டு மூன்று ஆண்டுகளில் 400-க்கும் மேற்பட்ட கழிப்பறைக் கட்டடங்கள் எழுந்தன. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் கட்டியதைவிட அதிகம்.

கட்டியதைவிடக் கட்டிய விதம் முக்கியம். சின்னப் பிள்ளைகள் வெளியே சாக்கடையோரம் உட்காருவதற்குக் காரணம் என்ன என்று அம்மாக்கள் சொன்னார்கள்: குழி பெரிது, உள்ளே இருட்டு, விழுந்துவிடுவோம் என்ற பயம், பெரியவர்கள் வரிசையில் தள்ளிவிடுவது. ஆகவே குழந்தைகளுக்குத் தனியாகச் சின்னக் குழி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, வெளிச்சம். பராமரிக்கிற ஆளின் குடும்பம் தங்க அதே கட்டடத்தில் ஓர் அறை. குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு சின்னக் கட்டணம். எத்தனை குடும்பத்துக்கு எத்தனை இருக்கை என்ற கணக்கு முதலில் பெண்கள் கையில் இருந்ததால், எங்கே கட்டுவது என்பதில் கவுன்சிலரின் விருப்பத்துக்கு இடம் குறைவு.

2001 ஜூனில் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபையின் சிறப்புக் கூட்டம் நடந்தபோது, ஐ.நா. கட்டடத்தின் கூடத்திலேயே ஒரு குடிசை வீட்டின் மாதிரியும் குழந்தைகள் கழிப்பறையின் மாதிரியும் நிறுத்தப்பட்டன. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் வந்து பார்த்தார்.

கடல் தாண்டி

தென்னாப்பிரிக்காவின் குடிசைவாசிகள் 1991 முதலே இங்கே வந்து பார்த்தார்கள், இவர்களும் அங்கே போனார்கள். போனவர்கள் வல்லுநர்கள் அல்லர். பைகுல்லாப் பெண்கள் கேப் டவுனில் வீடுவீடாகப் போய்த் தினசரிச் சேமிப்பு எடுத்துக் காட்டினார்கள். மொழி தெரியாது, பை, தாள், காசு போதுமானதாக இருந்தது. 1996-இல் சர்வதேசக் குடிசைவாசிகள் அமைப்பு உருவானது. அற்புதம் பின்னர் அதன் தலைவரானார். 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் அவருக்கு வந்தன. 2018 அக்டோபர் 13-ஆம் தேதி மறைந்தார்.

உள்ளூரில் இன்னொரு வேலையும் ஓசையில்லாமல் நடந்தது. ஏ. என். ராய் புனேயிலும் பிறகு மும்பையிலும் போலீஸ் கமிஷனராக இருந்தபோது குடிசைப் பகுதிகளில் போலீஸ் பஞ்சாயத்துகள் தொடங்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர்: ஏழு பெண்கள், மூன்று ஆண்கள், கூட ஒரு போலீஸ்காரர். குடித்துவிட்டு அடிக்கிற புருஷன், தண்ணீர்க் குழாய்ச் சண்டை, குடிசை விற்ற பணத்தில் தகராறு. ஸ்டேஷனுக்குப் போனால் இரண்டு பக்கமும் பணம் கறக்கும் வழக்குகள் தெருவிலேயே தீர்ந்தன. ஏழுக்கு மூன்று என்ற கணக்கை யார் போட்டார்களோ, நன்றாகப் போட்டிருக்கிறார்கள்.

இப்போது தாராவி

2001 கணக்கெடுப்பில் மும்பையின் மக்களில் பாதிக்கும் மேல் குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள். அதில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போய்த் தோல் பதனிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் 90 அடி ரோட்டில் இருக்கிறார்கள். 1985-இல் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்ததும், அதில் தாராவிக்கு ஒரு பங்கு என்ற பேச்சு வந்தது. அங்கே எத்தனை குடும்பம் என்பதில் அரசின் எண்ணிக்கைக்கு எதிராகக் கூட்டமைப்பு தானே எண்ணி ஒரு கணக்கு வைத்தது. 2004-இல் மறுசீரமைப்புத் திட்டம் வந்தது. பல டெண்டர்கள் வந்து போயின. 2022-இல் டெண்டர் ஒருவழியாக முடிவாகி, 2024 மார்ச்சில் வீடுகளுக்கு எண் ஒட்டும் கணக்கெடுப்பு தொடங்கியது.

இந்தமுறை எண்ணியவர்கள் திட்டத்தின் ஆட்கள். விதி இது: 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி, இலவசம். அதற்குப் பின் 2011 வரை வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, பணம் கட்டி. மாடியில் இருப்பவருக்கு 2022 நவம்பர் வரையிலான சான்று இருந்தால் வெளியே வாடகைக்கு. தாராவியில் பெரும்பாலான வீட்டுக்கு மேல் ஒரு தளம் உண்டு. இரும்பு ஏணி வைத்து ஏறும் அந்த மாடிகளில்தான் ஊரிலிருந்து புதிதாக வந்த பையன்களும், தையல் மிஷின்களும், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மகனும் இருக்கிறார்கள். கீழே இருப்பவரும் மேலே இருப்பவரும் ஒரே குடும்பமா, இரண்டா? ரேஷன் கார்டு ஒன்றாக இருந்து அடுப்பு இரண்டாக இருந்தால்? பைகுல்லாவில் 1985-இல் பெண்கள் தெருவில் உட்கார்ந்து ஒவ்வொரு மறைப்பாகப் பேசித் தீர்த்தது இப்படிப்பட்ட கேள்விகளைத்தான். தாராவிக் கணக்கெடுப்பில் அதைப் படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்துத் தீர்த்தார்கள். அதனால் சந்துதோறும் குடியிருப்போர் சங்கங்கள் தனியாகத் தங்கள் பட்டியலையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இந்த மலரை வாங்குகிற தாராவிக்காரர்கள் யாருக்காவது அதற்கு மாதிரி வேண்டுமென்றால், 1985 அறிக்கையின் கேள்விப்பட்டியலைப் பார்க்கலாம். முதல் கேள்வி எந்த ஊர், எந்த மாவட்டம் என்பது. கடைசிக் கேள்வி இதுவரை எத்தனை தடவை இடித்தார்கள் என்பதாக இருக்கட்டும்.